என் கைப்பிடியில் இருந்தபோதே நோயாளி சரிந்துவிட்டார். இந்த வேலைக்கு நான் தகுதியானவளா?

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து 24 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

பிபிடி என்ற இயன்முறை சிகிச்சைப் பட்டப்படிப்பையும் ஆறு மாதப் பயிற்சியையும் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழைந்தால், பத்து மணிக்குப் புறநோயாளிகள் வருவதற்குள் பதினைந்து பேரையாவது பார்த்து முடிக்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து பந்து மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 68 வயது விவசாயி ஒருவரை, மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு எழுப்பி நிற்க வைத்திருக்கிறார். வாக்கரைப் பிடித்து ஐந்தாறு எட்டு வைத்த பெரியவர், "பாப்பா, கண்ணைக் கட்டுகிறது" என்றிருக்கிறார். "நாலே எட்டுதான் ஐயா, நாற்காலி வந்துவிடும்" என்று இவர் சொல்ல, இரண்டாவது எட்டில் அவர் சரிந்துவிட்டார். இவர் தாங்கிப் பிடித்ததால் தலையில் அடிபடவில்லை. முழங்கால் மட்டும் கட்டில் படியில் இடித்தது. எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் இல்லை. உறவினர்கள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறார்கள்.

"இதை எதிலும் எழுதாதே, நமக்குத்தான் வம்பு" என்று மூத்த சக ஊழியர் சொன்னதால் இவர் எழுதவில்லை. இப்போது பெரியவர் வாரம் இருமுறை வெளிநோயாளியாக வருகிறார். அவர் வரும் நேரத்தில் இவர் எக்ஸ்ரே அறைப் பக்கம் போய் நின்றுகொள்கிறார். "அந்தப் பாப்பா லீவா?" என்று பெரியவர் கேட்டதாகத் தகவல். இவற்றோடு இன்னும் சில குமுறல்கள்: செவிலியர்கள் நோயாளியைத் தூக்கத்தான் கூப்பிடுகிறார்கள், உறவினர்கள் 'மசாஜ் மேடம்' என்கிறார்கள், தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் 'கரண்ட்' (மின்கருவி சிகிச்சை) வைக்கச் சொல்லி நிர்வாகம் நெருக்குகிறது. வேலையை விட்டுவிட்டு ஊரில் சின்னதாக ஒரு கிளினிக் திறந்துவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, பெரியவர் நடந்தே வருகிறார், உங்களைத் தேடுகிறார் என்றெல்லாம் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். மற்றதைப் பேசலாம்.

நானும் இயன்முறை சிகிச்சையாளர்தான். எனக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒருவரைக் கட்டிலில் உட்கார வைத்தேன். சிறுநீர் வடியும் குழாயின் பை எதிர்ப்பக்கக் கம்பியில் மாட்டியிருந்தது, நான் பார்க்கவில்லை. அவர் இந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட்டதும் குழாய் இழுபட்டு, பையில் ரத்தம் கலந்து இறங்கியது. அவர் போட்ட சத்தம் 27 வருடம் கழித்தும் காதில் கேட்கிறது. இன்றும் யாரையாவது புரட்டுவதற்கு முன் என் கை தானாகவே கட்டிலுக்கு அடியில் போய்க் குழாயைத் தேடும். அந்தப் பழக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தரவில்லை.

அந்த நாலு எட்டு

மூன்றாம் நாள் எழுப்பியது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அந்த அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே நிற்க வைப்பதும் வழக்கம்தான். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், கெண்டைக்கால் நாளங்களில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். அறுவைச் சிகிச்சை நிபுணரும் முழு எடை ஊன்றலாம் என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். எனவே நாள் சரி. நேரத்தில்தான் கோளாறு.

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். முந்தைய இரவு பத்து மணிக்கு வலி ஊசி. காலை ஆறரைக்கு வழக்கமான ரத்த அழுத்த மாத்திரை. உள்ளே போனது அரை டம்ளர் கஞ்சி. ஹீமோகுளோபின் 8.6, குறைவு. மூன்று நாள் மல்லாந்து படுத்த உடம்பு. ரத்த அழுத்தத் தாளில் கடைசியாக எழுதியது அதிகாலை இரண்டு மணிக்கு. ஏழே முக்கால் என்பது இரவுச் செவிலியர் பகல் செவிலியரிடம் பொறுப்பை ஒப்படைக்கிற நேரம். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது. இவற்றில் ஒன்றோ இரண்டோ இருந்திருந்தால் பெரியவர் சமாளித்திருப்பார். எல்லாம் ஒரே காலைப் பொழுதில் சேர்ந்துகொண்டன. அந்தத் தாளைப் பெரியவரை எழுப்புவதற்கு முன் பார்க்காமல், அவர் விழுந்த பிறகு பார்த்திருக்கிறீர்கள். முதல் பிழை அதுதான்.

எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், அதை நிலைமாற்றத் தாழ் ரத்த அழுத்தம் என்கிறோம். தேர்வில் இதற்கு நீங்கள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். வார்டில் அது வேறு வேடத்தில் வரும். பேசிக்கொண்டே வந்தவர் பேச்சை நிறுத்துவார். கொட்டாவி விடுவார். மேலுதட்டில் வியர்வை துளிர்க்கும். உதடு வெளுக்கும். உங்கள் பெரியவர் பாவம், வாய்விட்டே சொன்னார்.

இரண்டாவது பிழை, "நாலே எட்டுதான் ஐயா". இதை நான் குத்திக்காட்டவில்லை. 'இன்னும் கொஞ்சம்', 'முடியும்', 'இதோ வந்துவிட்டது' என்பதெல்லாம் நம் தொழிலில் வாயில் தானாக வருகிற சொற்கள். அவை இல்லாமல் பல நோயாளிகள் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டார்கள். வலிக்கிறது, பயமாக இருக்கிறது, அலுப்பாக இருக்கிறது என்று சொல்பவரை ஊக்கப்படுத்தலாம். கண்ணைக் கட்டுகிறது, நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொல்பவரிடம் அந்தச் சொற்களை எடுக்கவே கூடாது. அவரை அந்த இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும்.

எங்கே உட்கார வைப்பது? அதனால்தான் முதல் நடைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளியின் அருகில். மற்றவர் சக்கர நாற்காலியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு. நாற்காலியைத் தொலைவில் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்க வைப்பது குழந்தைக்கு நடை பழக்கும் முறை. ஆள் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் உட்காருவதும், நின்று உட்காருவதும் போதும். நடை சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

சரியத் தொடங்கிவிட்டார் என்றால் கையைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். உங்கள் கால்களை அகட்டி, அவர் உடம்பை உங்கள் இடுப்பின் மேலும் தொடையின் மேலும் சாய்த்து, மெதுவாகத் தரைக்கு வழுக்கி இறக்குங்கள். தலையைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்; நன்றாகச் செய்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு பணியாளர்களைக் கூப்பிட்டு உடனே தூக்கிக் கட்டிலில் போட்டதுதான் சரியில்லை. தரையில் படுத்தபடியே இருக்கட்டும். அறுவை செய்த கால் நீளம் குறைந்திருக்கிறதா, பாதம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறதா, புதிதாக வலி இருக்கிறதா என்று பார்த்து, நாடியும் அழுத்தமும் எடுத்து, மருத்துவர் வந்த பிறகு தூக்கலாம். வார்டில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம்.

எழுப்பும் முன் நடக்கும் வேலை

'எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது' என்று கல்லூரியில் சொன்னதை நீங்கள் வேதவாக்காக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். 2009ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. செயற்கை சுவாசத்தில் இருந்த 104 பேரில் ஒரு பகுதியினருக்கு, மயக்க மருந்தை நிறுத்தும் இடைவெளியில் முதல் நாட்களிலேயே உடற்பயிற்சி கொடுத்தார்கள். வீடு திரும்பும்போது தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் அவர்களில் 59 சதவீதம். மற்றவர்களில் 35 சதவீதம். நாங்கள் எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினோம்.

2015இல் அதே இதழில் இன்னொரு ஆய்வு. பக்கவாதம் வந்த 2,104 பேரில் ஒரு பாதியை 24 மணி நேரத்துக்குள், அடிக்கடி, அதிகமாக எழுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துப் பெரிய ஊனமின்றி இருந்தவர்கள் அந்தப் பாதியில் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்த பாதியில் 50 சதவீதம். அதிகம் எழுப்பியதால் பலன் குறைந்திருக்கிறது! 2022இல் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 750 பேரிடம் நடந்த ஆய்விலும், மிகத் தீவிரமாக எழுப்பிப் பயிற்சி கொடுத்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இதயத்துடிப்பு தடுமாறுவது, அழுத்தம் ஏறி இறங்குவது போன்ற தொல்லைகள்தான் கூடின. எழுப்பாமல் போட்டுவைக்க வேண்டும் என்று இவற்றுக்குப் பொருள் கிடையாது. மாத்திரைக்கு அளவு இருப்பதைப் போல நிற்பதற்கும் நடப்பதற்கும் அளவு இருக்கிறது. அந்த அளவைத் தினமும் காலையில் புதிதாகக் கணக்கிடுகிறவரைத்தான் மருத்துவமனை இயன்முறை சிகிச்சையாளர் என்கிறோம். நோயாளியின் காலை நீட்டி மடக்குவதை அவர் மருமகளுக்கு இரண்டே நாளில் சொல்லித் தந்துவிடலாம். இன்று எழுப்பலாமா வேண்டாமா என்று அந்த மருமகளால் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். வார்டுக்குப் போனதும் நோயாளியிடம் போகாதீர்கள், தாளிடம் போங்கள். நாடி, அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு, ஹீமோகுளோபின், இரவில் போட்ட ஊசி, காலையில் தந்த மாத்திரை. கால் மரக்க நரம்பில் ஊசி போட்டிருந்தால் தொடைத் தசை இன்னும் விழித்திருக்காது. நின்றதும் முழங்கால் மடங்கும். பிறகு அறுவைச் சிகிச்சைக் குறிப்பு. எடை முழுதாக ஊன்றலாமா, பாதியா, விரல் நுனி மட்டுமா, கூடவே கூடாதா? 'பிசியோ' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். எழுதவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள். எரிந்து விழுந்தாலும் கேளுங்கள். கேட்டதையும் சொன்ன பதிலையும் மணி போட்டு எழுதிவையுங்கள். நாலாவது முறை அவரே எழுதத் தொடங்கிவிடுவார். என் அனுபவம் அது.

பிறகுதான் நோயாளி. "சாப்பிட்டீர்களா? ராத்திரி தூங்கினீர்களா?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, எந்தக் குழாய் எங்கே போகிறது, காலில் செருப்பு வழுக்குமா, வேட்டி தடுக்குமா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரண்டு கெண்டைக்காலையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அன்று எழுப்புவது கிடையாது. மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். "கால் கடுக்கிறது, எண்ணெய் போட்டு உருவிவிடுங்கள்" என்று உறவினர் கெஞ்சும் காலும் பெரும்பாலும் அந்தக் காலாகத்தான் இருக்கும். உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும்.

இத்தனையும் முடித்து, "இன்று வேண்டாம்" என்று எழுதிவிட்டு வருகிற நாளும் உண்டு. அன்று ஏதும் செய்யவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். நிர்வாகத்துக்கும் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் அதற்கு பில் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை நம் வேலையிலேயே கடினமானது அதுதான்.

எழுதாமல் விட்டது

இதில் உங்கள் மூத்தவர் சொன்னதோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். விழுந்ததை எழுதினால் வம்பு என்பது மருத்துவமனைகளில் பரம்பரையாக வருகிற நம்பிக்கை. நடந்ததைப் பாருங்கள். வார்டில் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்ததற்குத் தேதியோடு பதிவு இருக்கிறது. எதற்காக எடுத்தார்கள் என்று சொல்லும் பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நோயாளி தரப்பு மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால், மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை 1995இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாளை ஒருவேளை புகார் வந்தால், அழுத்தம் எவ்வளவு இருந்தது, எப்படித் தாங்கினீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்பதற்கெல்லாம் உங்கள் வாய்ச்சொல் மட்டுமே இருக்கும். எழுதாததால் தப்பிப்பது வேறு யாராவதாக இருக்கலாம். நீங்கள் தப்பிக்க மாட்டீர்கள்.

இப்போது என்ன செய்யலாம்? பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இன்றைய தேதியில், 'தாமதப் பதிவு' என்று தலைப்பிட்டு, நடந்ததை நடந்த வரிசையில் எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். 'என் கவனக்குறைவால்' என்றோ 'செவிலியர் அழுத்தம் பார்க்காததால்' என்றோ எழுத வேண்டாம். எத்தனை மணி, எத்தனை எட்டு, அவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள், அவ்வளவுதான். உங்கள் மருத்துவமனை என்ஏபிஎச் (மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகார வாரியம்) தரச்சான்று பெற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நோயாளி விழுந்தால் பதிவு செய்து காரணம் ஆராயும் நடைமுறை அங்கே இருந்தே ஆக வேண்டும். ஒரு சங்கடமும் வரக்கூடும். 'ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை' என்று கேட்பார்கள். மூத்தவர் பெயரை இழுக்காமல், "அன்று எழுதத் தவறிவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். வழக்கு வரும் என்று யாராவது பயமுறுத்தினால், அதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வார்டு வராந்தாவில் கேட்காதீர்கள்.

மசாஜ் மேடமும் கரண்ட் பில்லும்

'மசாஜ் மேடம்' என்று கூப்பிடுவதற்குக் கோபப்படாதீர்கள். என்னை 'எக்சர்சைஸ் அம்மா' என்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன். மூன்று பந்து இருக்கும் மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்தால், பத்தில் எட்டுப் பேர் அடுப்பு ஊதுவதைப் போல ஊதுகிறார்கள். "உறிஞ்சுங்கள் ஐயா, இளநீர் குடிக்கிற மாதிரி" என்று நான் சொன்னதும் முதல் பந்து எழும்பும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வயிற்று அறுவை செய்தவர் தையல் பிரிந்துவிடும் என்று பயந்து இருமலை அடக்குவார். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, முன்னால் சாய்ந்து இரும வைத்தால் சளி வெளியே வந்துவிடும். பக்கவாதம் வந்தவரை எழுப்ப, விளங்காத கையையே பிடித்து இழுக்கும் மகனைத் தடுத்து, தோள்பட்டை ஏன் நழுவும் என்று காட்டிக் கொடுப்பது இருக்கிறதே, அந்த ஒரு நிமிடத்தில் அந்த நோயாளிக்குப் பல மாத வலி மிச்சமாகும். இதையெல்லாம் ஒருமுறை கண்ணால் பார்த்த குடும்பம் அப்புறம் உங்களை எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் மரியாதையாகத்தான் கூப்பிடும்.

'டாக்டர்' பட்டம் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககம் கூடாது என்று கடிதம் வெளியிட்டு, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த இழுபறியில் நான் தலையிடப்போவதில்லை. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் நம் தொழிலுக்குத் தனி இடம் தந்திருக்கிறது. பெயருக்கு முன்னால் எது இருந்தாலும், பின்னால் உங்கள் படிப்பைத் தெளிவாக எழுதுங்கள். நோயாளி குழம்பக் கூடாது.

'கரண்ட்' விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேவையில்லாத சிகிச்சைக்கு பில் போடுவது நோயாளியை ஏமாற்றுவது. அதோடு ஆபத்தும் இருக்கிறது. உள்ளே உலோகம் வைத்த இடுப்பில் ஷார்ட்வேவ் (மின்காந்த அலை) சூடு வைக்கக் கூடாது. இதயமுடுக்கி வைத்தவருக்கு மின்தூண்டல் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மரத்த பாதத்தில் எந்தச் சூடும் கொப்புளத்தில்தான் முடியும். நிர்வாகத்திடம் நியாயம் பேசினால் எடுபடாது என்று பயந்தால், இந்தத் தடைகளைப் பட்டியலிட்டு, "இந்த நோயாளிக்கு இதனால் தரவில்லை" என்று ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள். எழுத்தில் இருக்கும் மருத்துவக் காரணத்தைத் தாண்டி பில் போடச் சொல்ல எந்த மேலாளருக்கும் கை நடுங்கும்.

தூக்கக் கூப்பிடும்போது போகலாம். 70 கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவதில் உங்களுக்குத் தெரிந்தது அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. போர்வையை உருட்டிப் பிடிக்கச் சொல்லி, தலைமாட்டில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று நீங்கள் எண்ணுங்கள். பத்து நாள் அப்படிச் செய்தால் உங்களைத் தூக்கக் கூப்பிட மாட்டார்கள். எப்படித் தூக்குவது என்று கேட்கக் கூப்பிடுவார்கள். செவிலியர்களோடு பகை வளர்த்துக்கொண்டு இந்த வேலையை ஒரு வாரம்கூடச் செய்ய முடியாது.

போகலாமா, இருக்கலாமா?

கிளினிக் திறப்பது கௌரவமான வழிதான். முட்டிவலி, கழுத்துவலி, தோள்வலி என்று கூட்டம் வரும். வருமானமும் மெல்ல வரும். ஆனால் கிளினிக்கில் தாள் இருக்காது, செவிலியர் இருக்க மாட்டார், அவசரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் மருத்துவர் இருக்க மாட்டார். முதுகுவலி என்று வருகிறவரில் யாருக்குக் காசநோய், யாருக்குப் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு அனுப்பி வைக்கும் கண் உங்களுக்கு வேண்டும். அந்தக் கண் வார்டில்தான் திறக்கும். ஐந்து மாதத்தில் வெளியே வந்தால், உங்களைச் சரிசெய்ய ஆள் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள். இன்னும் ஒன்றரை வருடம் இருங்கள் என்பது என் யோசனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று மாதமாவது கேட்டு வாங்குங்கள்.

அதற்கு ஒரு விலக்கு உண்டு. எழுதிக் கொடுத்த பிறகும் பொய்யான பில்லுக்குக் கையெழுத்துக் கேட்டு நெருக்கினால் அங்கே இருக்க வேண்டாம். வேறு மருத்துவமனை பாருங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு கேட்க அவர்களுக்கு வழி இருக்கலாம். அதற்காகச் சான்றிதழை அடகுப் பொருளைப் போலப் பூட்டிவைப்பது வேறு விஷயம். எழுத்தில் திரும்பக் கேளுங்கள்; மறுத்தால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அங்கே அதற்கென்று ஒரு துறையையே உருவாக்கினார். 1966இல் திறந்த அந்த மறுவாழ்வு மையத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சமையல் மேடை எவ்வளவு உயரம், வாசலில் எத்தனை படி என்பதெல்லாம் அங்கே சிகிச்சைக் கேள்விகள். நம் ஊர் மருத்துவமனைகளில் வாக்கரோடு வராந்தாவில் பத்தடி நடந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். போகும்போது அவரை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள், வீட்டில் பாயில் உட்காருவார், கழிப்பறையில் குந்துவார். மாற்றிய இடுப்புக்கு ஆகாத காரியங்கள் மூன்றும்.

அதனால், அடுத்த முறை பெரியவர் வரும்போது எக்ஸ்ரே அறைப் பக்கம் போகாதீர்கள். நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்து, "அன்று நீங்கள் சொன்னதும் நான் நிறுத்தியிருக்க வேண்டும் ஐயா" என்று சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தபடி ஒருமுறை, நின்ற பிறகு ஒருமுறை அழுத்தம் பாருங்கள். வாக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டால் அவர் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அது தவறாகவே இருக்கும். அப்படியே அவர் வீட்டுத் திண்ணைக்கு எத்தனை படி, ஒரு பக்கமாவது கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறைக்கு ராத்திரி எப்படிப் போகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். அதை அன்றே, அங்கேயே இருக்கும் படியில் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு படி கீழே நின்றுகொள்ளுங்கள்.